ஜன்னி என்று சொல்லப்பட்டது

ராஜா அண்ணாமலைபுரத்தில் நண்பரொருவரின் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது நம் வழக்கம். பழைய நாவல்களில் வரும் நோய்களைப் பற்றி ஒரு மாலை பேச்சு எழுந்தது. காசநோய்க்கும் பெரியம்மைக்கும் நம் எழுத்தாளர்கள் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பிள்ளை பெற்ற சில நாட்களில் இறந்துபோகும் பெண்ணுக்கு மட்டும் "ஜன்னி கண்டது" என்ற இரு சொற்கள் போதுமானவையாக இருந்திருக்கின்றன. மூன்றாவது வரியில் அவள் இருப்பதில்லை. கைக்குழந்தை மட்டும் கதைக்குள் மிஞ்சும். இது ஏன் என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கையில், ஓரமாக அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நண்பரின் அப்பத்தா தலையை நிமிர்த்தினார். மேலூர்ப் பக்கத்துக்காரர். எண்பதை நெருங்குகிற வயது.

"எங்க அக்காவுக்கு அதுதான் தம்பி. பிள்ளை பொறந்து பதினோராம் நாளு. தலை வலிக்குதுன்னா. தண்ணி தண்ணின்னு கேட்டா. பச்சை உடம்பு, தண்ணி குடுத்தா ஜன்னி வரும்னு ஒரு மடக்குகூடக் குடுக்கல. குடுக்காமலேயும் வந்துச்சு."

1958-இல் நடந்தது. தலைவலிக்கு மறுநாள் வலிப்பு, அதன் மறுநாள் வலப்பக்கம் விழுந்துவிட்டது, மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. அப்பத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "இப்பல்லாம் ஸ்கேன்ல தலையைப் பார்த்துப் பொழைப்பாளா மாட்டாளான்னு சொல்லிப்புடுறாங்களாமே, மெய்தானா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் வெற்றிலைக்குத் திரும்பிவிட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில் நாம் அறிந்துகொண்டவையே இக்கட்டுரை. நாம் மருத்துவர்கள் அல்லர் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது முறை.

ஜன்னி என்பது ஒரு நோயின் பெயரன்று. சுரம், பிதற்றல், வலிப்பு, நினைவிழப்பு ஆகிய நான்கில் இரண்டு சேர்ந்தாலே நம் முன்னோர் அதை ஜன்னி என்றழைத்தனர். பிரசவத்தை ஒட்டி வரும் ஜன்னிக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருந்தன. ஒன்று, இரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு. இரண்டாவது, கருப்பையில் சீழ் பிடித்து உடலெங்கும் பரவும் சுரம். வியன்னாவில் செம்மல்வைஸ் 1847-இல் மருத்துவர்களின் கைகளைக் கழுவச் சொல்லிக் குறைத்துக் காட்டியது இதைத்தான். மூன்றாவது நோயே நம் விஷயம்: மூளையின் சிரைகளில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது. முதலிரண்டுக்கும் வரலாறு உண்டு, நூல்கள் உண்டு. மூன்றாவதற்குத் தனிப்பெயர்கூட நம்மிடம் இல்லை.

பெயரில்லாததற்கு மொழியிலேயே ஒரு காரணம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. தமனி, சிரை என்ற சொற்கள் பாடநூலில்தான் வாழ்கின்றன. புழக்கத்தில் இரண்டுக்கும் "நரம்பு"தான். புறங்கையில் பச்சையாகத் தெரியும் சிரையையும் நாம் நரம்பு என்றே சொல்கிறோம். சித்த மருத்துவத்தில் நாடி பார்ப்பது பெருங்கலை. ஆனால் துடிப்பது தமனி மட்டுமே. இதயத்திலிருந்து புறப்படும் இரத்தம் அடித்துக்கொண்டு ஓடுகிறது; திரும்பி வருவதோ ஓசைப்படாமல் வருகிறது. விரலுக்கு அகப்படாத ஒன்றை எந்த மருத்துவ மரபும் எளிதில் கவனிப்பதில்லை. மேற்கிலும் இதே கதைதான். கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் ஹீரோஃபிலஸ் மூளைச் சிரைகள் பின்தலையில் ஒன்றுகூடும் இடத்தைக் கண்டார். திராட்சை பிழியும் செக்கின் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. ஆழத்துப் பெருஞ்சிரை ஒன்று கேலனின் பெயரையும், அதில் வந்து சேரும் அடிச்சிரை ஜெர்மானிய உடற்கூற்றாளர் ரோசென்தாலின் பெயரையும் தாங்கியுள்ளன. பெயரிடுதல் நடந்தது. அவை அடைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி 19-ஆம் நூற்றாண்டு வரை காத்திருந்தது. 1825-இல் பிரான்சில் ரீப் என்பவர் இறந்த ஓர் ஆணின் தலையில் இத்தகைய அடைப்பைக் கண்டு எழுதினார். 1828-இல் எடின்பரோவின் ஜான் அபர்கிராம்பி பதிவு செய்தது பிள்ளை பெற்று வலிப்பு கண்டு இறந்த ஓர் இளம்பெண்ணைப் பற்றியது. மேலூரில் நடந்ததற்கும் அதற்கும் 130 ஆண்டு இடைவெளி. நோய்க்குறிகளில் இடைவெளி அதிகமில்லை.

அடைப்பு ஏன் இரத்தக் கசிவாகிறது என்பதை விளங்கிக்கொள்ள நாம் அந்த மொட்டைமாடியிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தின் தெற்கெல்லையில் அடையாறு கடலில் கலக்கிறது. முகத்துவாரத்தில் மணல்மேடு சேர்ந்துவிட்டால் ஆறு கடலுக்குள் போக வழியின்றித் தேங்கும். மேலேயிருந்து வரும் தண்ணீர் நிற்பதில்லை. ஆகவே அது பக்கவாட்டில் ஏறும், தெருக்களுக்குள் நுழையும். 2015 டிசம்பரில் இக்கரையிலும் அக்கரையிலும் வாழ்ந்தவர்களுக்கு ஆறு ஏறுவதென்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை (அந்த வெள்ளத்துக்கு முகத்துவாரம் மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவரவில்லை). மூளையிலும் அதுவே. சிரை அடைத்துக்கொண்டால் தமனி தன் வேலையை நிறுத்துவதில்லை. வடிய இடமில்லாத இரத்தம் பின்னோக்கி அழுத்துகிறது, மூளை வீங்குகிறது, நுண்குழாய்கள் விட்டுப்போய் இரத்தம் கசிகிறது. ஸ்கேனில் தெரிவது கசிவுதான். மூல காரணமோ உறைவு.

இந்த ஒரு வரியில் பல உயிர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. தமனி வெடித்து மூளையில் இரத்தம் கசிந்தவருக்கு இரத்தத்தை இளக்கும் மருந்தைத் தருவது கொலைக்குச் சமம். சிரை அடைத்துக் கசிந்தவருக்கு அதே மருந்துதான் உயிர். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரு நோயாளிகள்; ஒருவருக்கு அமுதமானது மற்றவருக்கு நஞ்சு. எது எது என்று தெரியாத மருத்துவர் மருந்தைத் தொடாமல் இருப்பதே தர்மம் என்று நினைத்ததில் பிழை காண முடியாது. 1942-இல் ஸ்டான்ஸ்ஃபீல்ட் என்ற மருத்துவர் பிரசவத்துக்குப் பின் வந்த மூளைச் சிரை உறைவுக்கு ஹெப்பாரின் கொடுத்ததைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அதன் பின்னும் ஐம்பதாண்டுக் காலம் பெரும்பாலோர் தயங்கினார்கள்.

மேலூரிலிருந்து மதுரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1958-இல் அப்பத்தாவின் அக்காவை அங்கே கொண்டுபோயிருந்தாலும் பெரிதாக எதுவும் நடந்திருக்காது என்பதே உண்மை. இந்தியாவில் நரம்பியல் அறுவைத் துறை 1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது. சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950-இல் தொடங்கினார். இரண்டும் அப்போது பத்து வயதுகூட ஆகாத துறைகள். மூளையின் இரத்தக் குழாய்களைக் காண அன்றிருந்த ஒரே வழி 1927-இல் போர்த்துக்கலின் எகஸ் மோனிஸ் கண்டுபிடித்த ஆஞ்சியோகிராம். கழுத்துத் தமனியில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. அதில் தமனிகள் முதலில் தெரியும், சில நொடிகள் கழித்தே சிரைகள் தெரியும். வலிப்பு ஓயாத ஒரு பிள்ளைத்தாய்ச்சியை அந்தச் சோதனைக்கு உட்படுத்துவது எளிய காரியமல்ல.

ஆயினும் மதுரையில்தான் இந்த நோய் எண்ணப்பட்டது. மருத்துவர் கே. ஸ்ரீனிவாசன், எம். நடராஜனுடன் சேர்ந்து 1974-இல் இந்திய நரம்பியல் இதழில் கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வரும் மூளை இரத்த உறைவைப் பற்றி எழுதினார். 1983-இல் அவரே 135 நோயாளிகளைப் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டார். நூற்று முப்பத்தைந்து என்ற அந்த எண்ணின் கனத்தை நாம் சற்று நின்று உணர வேண்டும். மேற்கத்திய நூல்களில் இது பல ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று எனக் குறிக்கப்படும் அரிய நோய். அங்கே ஒரு மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் சிலரைக் கண்டால் அதிகம். அத்தனை பேரை ஒருவர் கண்டு எழுத முடிந்ததென்றால் அது அந்த மருத்துவருக்குப் பெருமை. ஊருக்குப் பெருமை என்று சொல்ல முடியாது. இந்த நோயைப் பற்றி உலகில் எங்கு யார் எழுதினாலும் மதுரை ஆய்வு அடிக்குறிப்பில் வருகிறது. நம் தமிழ் நூல்களில் அதைப் பற்றிய குறிப்பு எதுவும் நம் கண்ணில் படவில்லை.

தென்னாட்டில் ஏன் இவ்வளவு என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் எல்லா நாட்டுப் பெண்களுக்கும் இரத்தம் எளிதில் உறையும். பேற்றின்போது இரத்தம் வீணாகாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. அதன்மேல் இரத்தசோகை, கிருமித்தொற்று, உடலில் நீர் வற்றுதல் ஆகியவை சேர்ந்தால் ஆபத்து கூடும். நீர் வற்றுதல் என்று மருத்துவ நூல் சொல்வதைத்தான் நம் வீடுகள் பத்தியம் என்றன. பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது, வயிறு சரியும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும், ஜன்னி வரும். மிளகும் சுக்கும் சேர்ந்த காயமருந்து, கருவாட்டுக் குழம்பு, கோடை நாளில் காற்று நுழையாத அறை, ஒரு நாளைக்குச் சில மடக்கு வெந்நீர். இந்திய மருத்துவர்கள் பலர் இந்த வழக்கத்தின்மேல் சந்தேகத்தை வைத்து எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் மறுத்ததே காரணம் என்று எவரும் தனியாகப் பிரித்து நிறுவிவிடவில்லை. பத்தியம் முழுவதையும் மூடத்தனம் என்று தள்ளவும் நாம் தயாரில்லை; ஓய்வும் தனியறையும் எத்தனையோ பெண்களுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே விடுமுறை. ஆனால் எந்த ஜன்னிக்கு அஞ்சித் தண்ணீரை மறுத்தார்களோ, அந்த ஜன்னியையே அந்த மறுப்பு வரவழைத்திருக்கக்கூடும் என்பதை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

நாம் கூடும் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் துர்காபாய் தேஷ்முக் சாலையில் ஆந்திர மகிளா சபை இருக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்த துர்காபாய் 1937-இல் தொடங்கிய நிறுவனம். மருத்துவமனையும் அதில் அடங்கும். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையோ 1844-ஆம் ஆண்டுக்காரி. நகரத்துப் பெண்ணுக்கு இவை இருந்தன. மேலூருக்கு இவை வந்துசேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் அதிகமான பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. பிரசவம் அங்கே நடந்தாலும் பத்தியம் வீட்டில்தான் நடக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

மருந்தைப் பற்றிய தயக்கம் உடைந்தது 1991-இல். ஜெர்மனியில் ஐன்ஹாய்ப்லும் சகாக்களும் சிரை உறைவு கண்ட 20 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஒரு குழுவுக்கு மட்டும் ஹெப்பாரின் கொடுத்தார்கள். மருந்து பெற்ற பத்துப் பேரில் எண்மர் முழுதும் தேறினர், எவரும் இறக்கவில்லை. பெறாத பத்துப் பேரில் ஒருவர் மட்டுமே முழுதும் தேறினார், மூவர் இறந்தனர். அதே கட்டுரையில் பழைய ஏடுகளைப் புரட்டித் தொகுத்த கணக்கு இதைவிட முக்கியமானது. ஏற்கெனவே மூளையில் இரத்தம் கசிந்திருந்தவர்களில் ஹெப்பாரின் பெற்ற 27 பேரில் நால்வரும், பெறாத 13 பேரில் ஒன்பதின்மரும் இறந்திருந்தார்கள். சிறிய எண்கள்தாம். ஆயினும் கசிவைக் கண்டு கையைக் கட்டிக்கொண்டிருந்த மரபை அவை அசைத்துவிட்டன.

இனி அப்பத்தா கேட்ட ஸ்கேனுக்கு வருவோம். ஒலியைத் தலைக்குள் அனுப்பிப் பார்க்கும் ஆசை பழையது. ஆஸ்திரியாவின் கார்ல் டுஸ்ஸிக் 1942-இல் கேளா ஒலியால் மூளையைப் படமெடுத்துவிட்டதாக அறிவித்தார். பிற்பாடு ஆராய்ந்தால் அவர் படத்தில் இருந்தது மூளையல்ல, மண்டையோட்டின் எதிரொலி! 1950-களில் ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் இன்னும் எளிமையாகச் சிந்தித்தார். மூளையின் நடுக்கோடு தன் இடத்தில் இருக்கிறதா, ஒரு பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் எதிரொலியால் அளந்தார். உள்ளே இரத்தம் கட்டியிருந்தால் கோடு நகர்ந்திருக்கும். 1982-இல் நார்வேக்காரரான ரூனே ஆஸ்லிட் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அடுத்த அடியை வைத்தார். ஆம்புலன்ஸ் நெருங்கும்போது அதன் ஊளை உச்சத்திலும் விலகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா, 1842-இல் டாப்ளர் சொன்ன அந்த விதிதான் அடிப்படை. காதுக்கு முன்னால் பொட்டெலும்பு மெல்லியதாக இருக்கும். அந்தச் சன்னல் வழியே நொடிக்கு 20 லட்சம் அதிர்வுள்ள ஒலியை அனுப்பினால் ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலி அதன் வேகத்தைச் சொல்லும். ஆஸ்லிட் இதைப் பயன்படுத்தியதும் மூளையுறைக்கடியில் இரத்தம் கசிந்தவர்களுக்குத்தான். தமனி சுருங்கி அடுத்த ஆபத்து வருகிறதா என முன்கூட்டி அறிய.

அவர் தேடியது தமனியை. அதன் ஒலி சாட்டை வீசுவதுபோல் அடித்து அடித்துக் கேட்கும். அதனருகே, எதிர்த்திசையில், அடிக்காமல் இழைந்து செல்லும் ஒரு தாழ்ந்த இரைச்சல் சில சமயம் அகப்பட்டது. அதுவே சிரை. மூளையின் நடுத்தமனியில் இரத்தம் நொடிக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறதென்றால், ரோசென்தாலின் அடிச்சிரையில் சுமார் 10 சென்டிமீட்டர்தான். பெருஞ்சிரை அடைத்துக்கொள்ளும்போது இரத்தம் வேறு சந்துகளைத் தேடுகிறது. அடிச்சிரை அத்தகைய மாற்றுவழிகளில் ஒன்று. கூட்டம் முழுவதும் ஒரு சந்தில் திரும்பினால் நெரிசல் ஏறுமல்லவா, அங்கே வேகம் பல மடங்கு உயர்கிறது. 1995-இல் பெர்லினில் வால்டுயேசா குழுவினர் நோயாளியின் படுக்கையருகிலேயே இதைத் தொடர்ந்து அளந்து, நோயாளி தேறத் தேற வேகம் இறங்குவதை எழுதினார்கள். 2002-இல் கீஸன் நகரத்தின் ஷ்டோல்ஸ் குழுவினர் நேரடியாக நம் அப்பத்தாவின் கேள்வியையே கேட்டார்கள்: சிரையின் ஓட்டத்தை வைத்துப் பிழைப்பதைச் சொல்ல முடியுமா? தொடக்கத்திலேயே ஓட்டம் இயல்பாக இருந்தவர்களும், 90 நாட்களுக்குள் இயல்புக்குத் திரும்பியவர்களும் நன்றாகத் தேறினார்கள் என்பது அவர்களின் முடிவு.

ஆகவே மெய்தான், ஒரு பாதி. மறு பாதியையும் சொல்ல வேண்டும். மூளையின் மேற்பரப்புச் சிரைகள் இந்த ஒலிக்கு எட்டுவதில்லை. ஸ்கேன் இயல்பாக இருப்பதால் நோயில்லை என்றாகாது. நோயை உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. வழியே சிரைகளைப் படமெடுத்தே ஆக வேண்டும். முதியவர்களில் பலருக்குப் பொட்டெலும்பு தடித்துச் சன்னல் மூடிக்கொள்கிறது. பிள்ளைத்தாய்ச்சிகள் இளையவர்கள் என்பதால் இத்தொல்லை அவர்களுக்குக் குறைவு. தமனி வெடித்த பக்கவாதத்திலும் சிரையோட்டத்தை அளந்து முன்னறிய முயல்கிறார்கள். அங்கே இன்றுவரை கசிந்த இரத்தத்தின் அளவும் நோயாளியின் நினைவுநிலையும் வயதுமே பெரிதும் முடிவு சொல்கின்றன. சிரை உறைவிலும் அப்படித்தான். 21 நாடுகளில் 624 பேரைப் பின்தொடர்ந்து 2004-இல் வெளியான ஆய்வில் ஆழ்மயக்கம், கசிவு, ஆழச் சிரைகளின் அடைப்பு, புற்றுநோய் ஆகியவை தீய குறிகளாக வந்தன. அவ்வளவுக்குப் பிறகும் ஐந்தில் நால்வர் ஏறக்குறைய முழுதும் தேறியிருந்தார்கள். மெக்சிகோவில் 1993-இல் வந்த ஆய்வு இன்னும் வியப்பானது: பிரசவத்தை ஒட்டி இந்நோய் கண்டவர்களில் 9 சதவீதம் பேரும், வேறு காரணங்களால் கண்டவர்களில் 33 சதவீதம் பேரும் இறந்தனர். நம் நாவல்களில் மூன்றாவது வரிக்குள் மறைந்த பெண், மருத்துவக் கணக்கில் பிழைக்க அதிக வாய்ப்புள்ளவள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருவின் பாலினத்தைக் காட்டக்கூடிய எந்த ஸ்கேன் கருவியும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்யப்பட வேண்டும். நினைத்த இடத்துக்கு அதை எடுத்துச் செல்ல முடியாது. மூளைச் சிரையை வண்ணத்தில் காட்டும் கருவியும் அந்த வகையில் அடக்கம். பெண் சிசுவைக் காக்கவென்று வந்த காவல், அச்சிசுவின் தாயின் படுக்கையருகே கருவி வருவதைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. சட்டம் தவறென்று நாம் சொல்லமாட்டோம். உசிலம்பட்டியும் மதுரைப் பக்கம்தானே.

நோயின் முகமும் மாறிவிட்டது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனம் 2012-இல் வெளியிட்ட 428 பேரின் பதிவேட்டில் பாதிக்கு மேற்பட்டோர் ஆண்கள். 2021-இல் கொரோனா தடுப்பூசிச் செய்திகளில் இந்நோயின் ஆங்கிலப் பெயரை ஊரே வாசித்தது. அப்போது நமக்கு அது புதிய நோயாகத் தோன்றியது.

அடுத்த மாதக் கூட்டத்தில் இவற்றையெல்லாம் நம்மால் இயன்றவரை எளிமையாக அப்பத்தாவிடம் சொன்னோம். பாதியில் அவர் நிறுத்தினார். "பொழைக்கிற நோவுதான்னு சொல்றீக" என்றார். ஆமாம் என்றோம். மருந்தின் பெயரைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, பேறுகாலத்துக்கு வந்திருந்த பேத்தி உள்ளேயிருந்து தண்ணீர் கேட்ட குரலுக்கு, நம் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மெல்லப் படியிறங்கிப் போனார்.